வரப்பு போட்டவர்கள்

பெண்ணுக்கு ஏன் நிலம் இல்லை என்று கேட்டால் நம் ஊரில் பல பதில்கள் வரும். கல்யாணத்துக்குச் செய்ததே போதும். நகை போட்டாயிற்று. அடுத்த வீட்டுக்குப் போகிறவள். பங்கு கேட்டால் அண்ணன் தம்பி உறவு கெட்டுப்போகும். இந்தப் பதில்களோடு சண்டை போட முடியும். போட்டுப் பழகியும் இருக்கிறோம். சண்டை போட முடியாத பதில் ஒன்று இருக்கிறது. "ஆதியிலிருந்தே அப்படித்தான்." இதைச் சொல்கிறவர் குரலை உயர்த்துவதில்லை, கோபப்படுவதில்லை. மழை மேலிருந்து கீழேதான் பெய்யும் என்பதைப்போலச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

இந்தப் பதிலை எதிரிகள் மட்டும் சொன்னால் பரவாயில்லை. நானும் சொல்லியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் முல்லைத் திணை நடத்திக்கொண்டிருந்தேன். நன்றாகப் படிக்கிற மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "மேய்ச்சல் நிலமா இருந்தவரைக்கும் பொம்பளைக்கு மதிப்பு இருந்துச்சு. வரப்பு போட்டான், நிலம் சொத்தாச்சு, சொத்துக்கு வாரிசு வேணும்னு பொம்பளையை வீட்டுக்குள்ள வச்சான். அப்படித்தானே மேடம்?" ஏதோ ஒரு வாசகர் வட்டத்தில் ஏங்கெல்ஸைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்திருந்தாள். "ஏறக்குறைய அப்படித்தான்" என்றேன். மணி அடித்துவிட்டது. அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அவளுக்குச் சொல்ல வேண்டிய சரியான பதில் எனக்குக் கிடைத்தது நம் ஊரில் அல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்ற மாவட்டத்தில் டார்ட்மூர் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. ஒரு கவிதை வாசிப்புக்காகப் போன இடத்தில் தோழி ஒருத்தி வீட்டில் மூன்று நாள் தங்கினேன். மூன்றாம் நாள் அவள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். ஏறத்தாழ 950 சதுர கிலோமீட்டர் பரப்பு. 1951 முதல் தேசியப் பூங்கா. அடியில் கிரானைட் பாறை, அதன்மேல் ஈரம் ஊறிக் கறுத்துப்போன மண். ஹெதர் புதர், பெரணி, முள் நிறைந்த மஞ்சள் பூச்செடி, நனைந்த ஆடுகள், அவிழ்த்துவிட்ட குதிரைகள். மரம் அதிகம் இல்லை. காற்றுக்குத் தடையே இல்லை. "காட்டு நிலம், மனிதன் கை படாத இடம்" என்று சுற்றுலாக்காரர்கள் சொல்லிக்கொள்கிற இடம் இது.

கோம்ப்ஸ்டோன் டோர் என்ற பாறைக் குவியல் வரை காரிலேயே போகலாம். இறங்கி நின்று எதிர்ச் சரிவைப் பார்க்கச் சொன்னாள் தோழி. முதலில் எதுவும் தெரியவில்லை. மேகம் விலகி வெயில் சாய்வாக விழுந்தபோது சரிவில் கோடுகள் தெரிந்தன. ஒன்றல்ல, பல. ஒன்றுக்கொன்று இணையாக, நோட்டில் அடிக்கோல் வைத்துக் கிழித்ததைப்போல. ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி மறைந்து மறுகரையில் அதே திசையில் ஏறிப்போயின. அருகில் போய்ப் பார்த்தால் முழங்கால் உயரம்தான். கல்லும் மண்ணும் சேர்ந்த மேடு, மேலே புல் மூடியிருக்கிறது. நிழல் விழாத நேரத்தில் அதன்மீதே நடந்து போனாலும் வரப்பில் நடக்கிறோம் என்று தெரியாது.

உள்ளூர்க்காரர்கள் இதை ரீவ் என்கிறார்கள். நான் வரப்பு என்றே சொல்கிறேன். மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கும் மேலான வரப்பு. கி.மு. 1700க்கும் 1500க்கும் இடைப்பட்ட காலத்தில், வெண்கலக் காலத்தில், போடப்பட்டவை என்பது இன்றைய பொதுவான கணிப்பு. இந்த வரப்புகளால் பிரிக்கப்பட்ட நிலம் மட்டும் பத்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் வரும் என்கிறார்கள். சில நூறு ஆண்டுகள் புழங்கியபின், கி.மு. 1000 வாக்கில் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டன. ஈரம் கூடியது, மண் புளித்தது, அல்லது வாழும் முறை மாறியது. காரணம் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. பிறகு யாரும் அங்கே பெரிதாக ஆழ உழவில்லை என்பதால் வரப்புகள் தப்பின. சமவெளியில் இருந்திருந்தால் என்றைக்கோ ஏர் தின்றிருக்கும்.

ஊர் திரும்பிய பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் தொல்லியல்காரி அல்ல. தமிழ் படித்தவள். எனக்குத் தெரிந்த ஒரே வேலை மூலம் எது, உரை எது என்று பிரிப்பது. மூலத்தில் இல்லாத ஒன்றை உரைகாரர் எப்படி மெல்லக் கொண்டுவந்து உட்கார வைப்பார், இருநூறு ஆண்டு கழித்து அது மூலமாகவே ஆகிவிடும் என்பதைப் பழைய இலக்கியம் படித்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் கண்ணோடுதான் டார்ட்மூர் பற்றிய எழுத்துகளையும் படித்தேன்.

மூலம் என்ன? கல்லும் மண்ணும். இணையாக ஓடும் வரப்புகள். அவற்றுக்குக் குறுக்கே போட்டுப் பிரித்த வயல்கள். வயல்களுக்கு நடுவே வட்ட வீடுகளின் அடித்தளங்கள். இணை வரப்புகள் எல்லாம் போய் முட்டுகிற ஒரு நீண்ட கடைசி வரப்பு. அதற்கு மேலே உயரத்தில் பிரிக்கப்படாத மேய்ச்சல் நிலம். சில இடங்களில் தோண்டிப் பார்த்தபோது கல்வரப்புக்கு அடியில் மரக்கம்பு நட்ட குழிகள் வரிசையாக இருந்தன. அதாவது முதலில் வேலி, பிறகு கல். 1970களின் கடைசியில் ஷாஃக் மூர் என்ற பகுதியில் பீங்கான் மண் வெட்டி எடுக்கும் வேலைக்கு முன்னதாக அகழாய்வு நடந்தது. அங்கே வரப்பை ஒட்டிய பள்ளத்துச் சேற்றில் கால்நடைகளின் குளம்படிகள் அப்படியே பதிந்திருந்தன. மூலத்தில் உள்ளது இவ்வளவுதான். ஆடு மாடுகள் வந்து போயிருக்கின்றன. ஆட்கள் கல் தூக்கியிருக்கிறார்கள்.

உரையைப் பாருங்கள். ஒரு தலைவன் வருகிறான். அவன் மேட்டில் நின்று கை நீட்டிக் கோடு காட்டுகிறான். ஆட்கள் கல் அடுக்குகிறார்கள். நிலம் பிரிக்கப்படுகிறது, ஒவ்வொரு துண்டும் ஒரு குடும்பத் தலைவனுக்குப் போகிறது, அவனிடமிருந்து மகனுக்குப் போகிறது. வரலாற்றுக்கு முந்தைய காலத்தைப் பற்றிய பள்ளிப் பாடங்களிலும் அருங்காட்சியக ஓவியங்களிலும் இந்தப் படம் நமக்குப் பழக்கமானது. ஓவியத்தில் ஆண் கல் தூக்குவான், வேட்டைக்குப் போவான், தூரத்தைப் பார்ப்பான். பெண் வீட்டு வாசலில் குனிந்து எதையாவது அரைத்துக்கொண்டிருப்பாள். உலகத்தின் எந்த மூலையாக இருந்தாலும், எந்த ஆயிரத்தாண்டாக இருந்தாலும் அவள் நிமிர்வதே இல்லை.

இந்தத் தலைவனை எந்த எலும்பிலிருந்து எடுத்தார்கள் என்று கேட்க வேண்டும். டார்ட்மூரில் இது விளையாட்டுக் கேள்வி அல்ல. அங்குள்ள மண் அமிலத்தன்மை மிகுந்தது, எலும்பைக் கரைத்துவிடும். வட்ட வீடுகள் ஆயிரக்கணக்கில் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் வாழ்ந்தவர்களின் உடல்கள் அநேகமாக இல்லை. உடலே இல்லாத நிலத்தில் ஆண் மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாகத் தெரிகிறான்?

விதிவிலக்காகக் கிடைத்த ஒன்றையும் பார்ப்போம். வடக்கு மூரில் ஒயிட் ஹார்ஸ் ஹில் என்ற குன்றின் கரிமண்ணில் புதைந்திருந்த ஒரு சிறிய கற்பேழையை 2011இல் திறந்தார்கள். காலம் கி.மு. 1730க்கும் 1600க்கும் இடையில், ஏறத்தாழ வரப்புகள் தோன்றிய காலம். உள்ளே எரியூட்டிய எலும்புகள், ஒரு கரடித்தோலில் பொதிந்து வைக்கப்பட்டிருந்தன. கூடவே பின்னிய கூடை ஒன்று, செந்தட்டி நாரும் கன்றுத் தோலும் சேர்த்துச் செய்த துணிப்பட்டை, மாட்டு முடியில் பின்னித் தகரக் குமிழ் பதித்த கைவளை, மரத்தில் கடைந்த தோடுகள், அம்பர் உட்பட இருநூறுக்கும் மேற்பட்ட மணிகள். இறந்தவருக்கு வயது பதினைந்திலிருந்து இருபத்தைந்துக்குள். ஆணா பெண்ணா என்று அந்த எலும்புகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இங்கே நம் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். தோடு, மணி, வளை என்று படித்ததுமே "பெண்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பொருள் உயர்ந்ததாக இருந்தால் "இளவரசி" என்ற சொல் வந்து ஒட்டிக்கொள்ளும். நானும் படித்தபோது அப்படித்தான் நினைத்தேன். வரப்பைப் பார்த்தால் ஆண், வளையலைப் பார்த்தால் பெண். நிலம் அவனுக்கு, நகை அவளுக்கு. இது வெண்கலக் காலத்து டெவன் அல்ல. எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சு. மூவாயிரத்தறுநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு கற்பேழைக்குள் போய் நம் வீட்டுச் சீர்வரிசையைக் கண்டுபிடித்துக்கொண்டு, பிறகு "பார்த்தீர்களா, ஆதியிலிருந்தே அப்படித்தான்" என்கிறோம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் எல்லோரும் இந்த உரையை எழுதவில்லை. 1970களில் இந்த வரப்புகளை வெண்கலக் காலத்தவை என்று நிறுவிப் பல ஆண்டுகள் அங்கேயே நடந்து அளந்த ஆண்ட்ரூ ஃப்ளெமிங், தலைவனைத் தேடவில்லை. இவ்வளவு பெரிய ஒழுங்கு சமூகமாகச் சேர்ந்து முடிவெடுத்ததன் அடையாளமாக இருக்கலாம், பொது மேய்ச்சலைக் காப்பதற்கான ஏற்பாடாக இருக்கலாம் என்றார். ராபர்ட் ஜான்ஸ்டன் போன்றவர்கள் ஒரே திட்டமாக அல்ல, முன்பே இருந்த புழக்கத்தின்மீது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தவை என்றார்கள். 2008இல் ஹெலன் விக்ஸ்டெட் என்ற தொல்லியலாளர் டார்ட்மூர் நிலப் பிரிவினை பற்றி ஒரு முழு நூல் எழுதினார். நிலத்தோடு மனிதர்கள் வைத்திருக்கும் உறவை நம் காலத்துத் தனிச்சொத்தாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கத்தையே அவர் கேள்வி கேட்டார். என் சண்டை இவர்களோடு அல்ல. இவர்கள் இவ்வளவு எழுதிய பிறகும் வரப்பு என்றவுடன் நம் தலைக்குள் வந்து நிற்கிற அந்த ஒற்றை ஆணோடுதான்.

கண்டுபிடித்த கதையிலும் அவன்தான் நிற்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வரப்புகளைப் பழைய பாதைகள் என்று எழுதினார்கள். பிறகு அநேகமாக மறந்துபோனார்கள். 1968இல் டெவன் ஆய்விதழ் ஒன்றில் இணை வரப்புகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இருவர்: எலிசபெத் கான், ஜான் சோமர்ஸ் காக்ஸ். ஃப்ளெமிங்கின் பெயர் தெரிந்த அளவுக்கு எலிசபெத் கானின் பெயர் வெளியே தெரியாது. 1951-52இல் கெஸ்டர் என்ற இடத்தில் வட்ட வீட்டையும் வயல்களையும் அகழ்ந்தவர் அய்லீன் ஃபாக்ஸ். எக்ஸெட்டரில் தொல்லியல் கற்பித்தவர். கணவரும் பெரிய தொல்லியலாளர் என்பதால், அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கணவரின் பெயரும் தவறாமல் வந்துவிடும். ஹவுண்ட் டோர் என்ற இடத்தில் கைவிடப்பட்ட இடைக்கால ஊரை 1960களில் அகழ்ந்தவர் மேரி மின்டர். அறிக்கை எழுதி முடிக்குமுன் இறந்துபோனார். 1979இல் இன்னொருவர் எழுதி வெளியிட்டார். மின்டரின் பெயர் தலைப்பின் கீழ்வரியில் இருக்கிறது. சதி என்று சொல்லவில்லை. வெளியிட்டவர் நல்லதுதான் செய்தார். ஆனால் பெண்ணின் வேலை எப்படிக் கீழ்வரிக்குப் போகிறது என்பதை ஐம்பது அறுபது ஆண்டுத் தொலைவிலேயே பார்க்க முடிகிறது. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுத் தொலைவில் என்ன எஞ்சும்?

இதற்கு மாற்றாக நம்மில் சிலர் வேறொரு உரை எழுதுகிறார்கள். அங்கே தாய்த்தெய்வம் இருந்தாள், பெண்களே நிலத்தை ஆண்டார்கள், வரப்பு வந்ததும் வீழ்ந்தார்கள் என்று. எனக்கு இதிலும் உடன்பாடில்லை. ஆணைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் பெண்ணை வைப்பதற்கும் சான்று வேண்டும், அது இல்லை. 1884இல் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்' எழுதிய ஏங்கெல்ஸ் நமக்குச் செய்தது பெரிய உதவி: பெண் அடிமைத்தனத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, அது இயற்கை அல்ல என்று காட்டினார். ஆனால் அவர் போட்ட ஏணியை நாம் மனப்பாடம் செய்துவிட்டோம். மேய்ச்சல், பிறகு உழவு, பிறகு வரப்பு, பிறகு சொத்து, பிறகு பெண்ணின் தோல்வி. ஒவ்வொரு படியும் அடுத்ததைத் தானாகக் கொண்டுவருவதுபோலச் சொல்கிறோம். அப்படியானால் தோல்விக்குக் காரணம் கல்லா? கல் போட்டதும் பெண் விழுந்துதான் ஆக வேண்டுமா? "ஆதியிலிருந்தே அப்படித்தான்" என்கிற பெரியவரும் "வரப்பு வந்ததிலிருந்து அப்படித்தான்" என்கிற என் மாணவியும் வேறு வேறு வாசலில் நுழைந்து ஒரே அறைக்கு வந்து சேர்கிறார்கள். அந்த அறையில் யார்மீதும் குற்றம் இல்லை. யாரும் எதையும் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. காலம் செய்தது.

டார்ட்மூர் வரப்பு எனக்குச் சொன்னது இதற்கு நேர்மாறு. கோடு போடுவது வேறு, சொந்தம் கொண்டாடுவது வேறு, பெண்ணை விலக்குவது வேறு. மூன்றும் ஒன்றல்ல. மாடு பயிரில் இறங்காமலிருக்கக் கோடு போடலாம். பயிரிடும் இடத்தையும் எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சலையும் பிரிக்கக் கோடு போடலாம். அந்தக் கடைசி வரப்புக்கு மேலே உள்ள நிலத்தை யாரும் துண்டு போடவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தமிழ் இலக்கணம் இங்கே எனக்கு உதவுகிறது. ஆங்கிலத்தில் 'வரப்பு போடப்பட்டது' என்று செயப்பாட்டு வினையில் ஒளிந்துகொள்ளலாம். தமிழில் பேசும்போது வினைமுற்றில் பால் காட்ட வேண்டும். என் மாணவி யோசிக்காமல் 'போட்டான்' என்றாள். 'போட்டாள்' என்று மாற்றிச் சொன்னால் அது வீம்பு. கற்கள் சொல்வதற்கு மிக நெருக்கமான சொல் 'போட்டார்கள்'. பலர்பாலுக்கு ஆண் பெண் பிரிவு கிடையாது. கிலோமீட்டர் கணக்கில் நீளும் வரப்பை ஒற்றை ஆள் போட்டிருக்க முடியாது என்பதும் தெரியும். பலர் போட்டார்கள். கல் பொறுக்கினார்கள், சுமந்தார்கள், அடுக்கினார்கள், சரிந்தபோது மறுபடி அடுக்கினார்கள். நம் ஊரில் கட்டட வேலையில் கல்லும் மண்ணும் சுமக்கிற பெண்களைத் தினமும் பார்த்துக்கொண்டே அந்தக் கூட்டத்தில் பெண் இல்லை என்று நினைக்க எவ்வளவு பயிற்சி வேண்டும்!

அப்படியானால் அந்த நிலத்தில் பெண் எப்போது விலக்கப்பட்டாள்? இதற்குக் கல்லைக் கேட்க வேண்டாம். காகிதம் இருக்கிறது.

1337இல் மூன்றாம் எட்வர்ட் மன்னர் தன் ஆறு வயது மகனுக்காக கார்ன்வால் டச்சி என்ற சொத்தை உருவாக்கிப் பட்டயம் எழுதினார். டார்ட்மூரின் நடுப்பகுதி அதில் சேர்ந்தது. இன்றுவரை அங்கே பெரும் பரப்பு அந்த டச்சியின் கையில்தான். பட்டயப்படி அது போவது மன்னரின் மூத்த மகனுக்கு. மகளுக்கு அல்ல. 1936 முதல் 1952 வரை அரியணைக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் எலிசபெத். அந்தப் பதினைந்து ஆண்டும் கார்ன்வால் டியூக் என்று யாருமே இல்லை. நாட்டை ஆளப் போகிறவளுக்கு அந்த நிலம் கிடையாது. 2013இல் சட்டம் திருத்தி, அரியணைக்கு ஆண் முந்தி என்ற விதியை நீக்கினார்கள். டச்சியின் பட்டயத்தை அந்தச் சட்டம் தொடவில்லை. மகுடம் தரலாம், நிலம் தரமாட்டோம் என்பது எவ்வளவு தெரிந்த கணக்காக இருக்கிறது!

ஏழைப் பெண்களின் கதைக்கும் தேதி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்து முழுக்கப் பொது நிலங்களுக்கு வேலி போடும் சட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைவேறின. ஜேன் ஹம்ஃப்ரீஸ் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 1990இல் ஒரு கட்டுரையில் இதனால் யார் எதை இழந்தார்கள் என்று கணக்கெடுத்தார். பொது நிலத்தில் ஒரு பசு மேய்க்கும் உரிமை, விறகும் சுள்ளியும் பொறுக்கும் உரிமை, அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்கும் வழக்கம். இவற்றைப் பெரிதும் பயன்படுத்தியவர்கள் பெண்களும் பிள்ளைகளும். வேலி வந்ததும் பால் போயிற்று, விறகு போயிற்று, புருஷனின் கூலியை எதிர்பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. இது ஆதி அல்ல. நாடாளுமன்றத்தில் விவாதித்து, வாக்கெடுத்து, முத்திரை குத்திச் செய்தது. செய்தவர்கள் யார் என்று தெரியும். அந்த அவையில் ஒரு பெண்கூட இல்லை என்பதும் தெரியும்.

இதுதான் என் வாதம். பெண்ணிடமிருந்து நிலம் போனது ஒரே நாளில் அல்ல, ஒரே இடத்தில் அல்ல, ஆதியிலும் அல்ல. வேறு வேறு இடத்தில், வேறு வேறு நாளில், குறிப்பிட்ட ஆட்கள் குறிப்பிட்ட தாளில் எழுதி எடுத்துக்கொண்டார்கள். 'ஆதி' என்ற சொல் அந்தத் தேதிகளை அழிக்கிறது. தேதி அழிந்தால் கையெழுத்துப் போட்டவர் தப்பிவிடுவார்.

கையெழுத்து என்றதும் என்னுடையதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அப்பா இறந்த மறு ஆண்டு, நானும் அக்காவும் எங்கள் ஊர்ப் பத்திர ஆபீசில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம். ஒன்றரை ஏக்கர் நஞ்சை. அம்மா நாற்று நட்டு, களையெடுத்து, வரப்பில் உளுந்தும் தட்டைப்பயறும் போட்டு எங்களைப் படிக்க வைத்த வயல். வரப்புப் பயிர் அம்மாவுடைய கணக்கு. அந்தக் காசில்தான் எனக்கு முதல் அகராதி வாங்கித் தந்தாள். தந்தையின் சொந்தச் சொத்தில் மகளுக்குப் பங்கு 1956 சட்டத்திலேயே உண்டு என்று எனக்குத் தெரியும். பூர்விகச் சொத்தில் மகனுக்குள்ள உரிமை மகளுக்கும் உண்டு என்று 1989இல் தமிழ்நாடு சட்டம் செய்ததும், 2005இல் நாடு முழுவதற்கும் அது வந்ததும் தெரியும். பெண்ணியம் பற்றிக் கருத்தரங்குகளில் பேசிக்கொண்டிருந்தேன். இருந்தும் போட்டேன். யாரும் மிரட்டவில்லை. "சும்மா ஒரு கையெழுத்துதானே பாப்பா" என்று அண்ணன் சொன்னது. அம்மா பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முதலில் போட்டாள், நான் அடுத்துப் போட்டேன். பிறகு எல்லோரும் ஓட்டலில் சாப்பிட்டோம்.

'வரம்பு' என்ற சொல்லும் 'வரப்பு' என்ற சொல்லும் ஒன்றுதான். வயசுக்கு வந்த நாளிலிருந்து வரம்பு மீறாதே என்று கேட்டு வளர்ந்தோம். அந்த வரம்புக்குள் இருந்ததற்குப் பரிசாக நிலத்து வரப்புகூட நமக்குக் கிடையாது. இத்தனை ஆண்டும் இதை வழக்கம் என்றும் மரபு என்றும் சொல்லி என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். டார்ட்மூரிலிருந்து வந்த பிறகு அப்படிச் சொல்ல முடியவில்லை. மரபு எதுவும் என் பங்கை எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, ஒரு நீலப் பேனாவால், நான் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பத்திரத்துக்கு எண் இருக்கிறது.

மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் வீட்டில் யாராவது "ஆதியிலிருந்தே அப்படித்தான்" என்றால் கொள்கை பேசாதீர்கள். பத்திரத்தைக் கேளுங்கள். பட்டாவில் யார் பெயர், எந்த ஆண்டு மாறியது, அதற்கு முன் யார் பெயர், பாட்டி எதில் கைநாட்டு வைத்தாள் என்று கேளுங்கள். இரண்டு தலைமுறைக்குள் தாள் கிடைத்துவிடும். அதற்கு மேல் கிடைக்கவில்லையென்றால் தெரியாது என்று சொல்லுங்கள். அங்கே ஒரு ஆணைக் கொண்டுபோய் நிறுத்த யாருக்கும் உரிமை இல்லை. உங்களிடம் ஒரு தாளை நீட்டினால் படித்துப் பாருங்கள். சும்மா ஒரு கையெழுத்து என்று உலகத்தில் எதுவும் இல்லை.

என் பத்திரத்தின் நகலை அண்ணனிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். எதற்கு என்று கேட்டது. பார்க்க வேண்டும் என்றேன். அதை மாற்ற வழி உண்டா என்று இன்னும் ஒரு வக்கீலிடமும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் கேட்டுவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். கூட வருகிறேன் என்றிருக்கிறாள்.